கோபன்ஹேகனில் சில மணி நேரம்: விமானம் மாறும் இடைவெளியில் நடந்தே பார்க்க, கேள்விகளும் பதில்களும்

எத்தனை மணி நேர இடைவெளி இருந்தால் விமான நிலையத்தைவிட்டு வெளியே போகலாம்?

டிக்கெட்டில் போட்டிருக்கும் இடைவெளியில் இருந்து 4 மணி நேரத்தைக் கழியுங்கள். மீதி இருப்பதுதான் ஊருக்கான நேரம். விமானத்தில் இருந்து இறங்கி இமிக்ரேஷன் தாண்ட ஒரு மணி நேரம், மெட்ரோவுக்குக் காத்திருந்து நகர மையம் சேர அரை மணி, திரும்பி வர அரை மணி, அடுத்த விமானத்துக்கு 2 மணி நேரம் முன்பு நிலையத்தில் இருப்பது என்று அந்த 4 மணி நேரம் போய்விடும்.

அப்படிப் பார்த்தால் 5 மணி நேர இடைவெளியில் வெளியே போவது வீண் அலைச்சல். 7 மணி நேரம் இருந்தால் 3 மணி நேரம் நடக்கலாம், கீழே சொல்லும் பாதையை முடித்துவிடலாம். 8 முதல் 10 மணி நேரம் கிடைத்தால் ஒரு கோபுரமும் ஏறி, உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டும் திரும்பலாம். அடுத்த விமானம் ஷெங்கன் நாட்டுக்குள்ளேயே (தங்களுக்குள் பாஸ்போர்ட் சோதனை வைக்காத ஐரோப்பிய நாடுகள்; ஆஸ்லோ, பாரிஸ், சூரிக் போல) போகிறது என்றால் திரும்பும்போது பாஸ்போர்ட் சோதனை கிடையாது. அப்போது கழிக்கும் கணக்கை மூன்றரை மணி நேரமாகக் குறைத்துக்கொள்ளலாம்.

இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இல்லாமல் தனித்தனியாக வாங்கியவை என்றால், முதல் விமானம் தாமதித்தாலும் இரண்டாவது விமானக் கம்பெனிக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. அப்படிப்பட்டவர்கள் 8 மணி நேரத்துக்குக் குறைந்த இடைவெளியில் ஊருக்குள் போவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

இந்திய பாஸ்போர்ட். என்ன விசா வேண்டும்?

டென்மார்க் ஷெங்கன் நாடு. வெளியே கால் வைக்க ஷெங்கன் விசா கட்டாயம் வேண்டும். டென்மார்க் கொடுத்ததாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பிரான்ஸ் போகிறவரிடம் பிரான்ஸ் கொடுத்த விசா இருந்தால் அதுவே போதும், முதலில் நுழையும் இடம் கோபன்ஹேகனாக இருப்பதில் தவறில்லை. விசா தொடங்கும் தேதியை மட்டும் பாருங்கள். 12ஆம் தேதி முதல் செல்லும் விசாவோடு 11ஆம் தேதி இரவு இறங்கினால் உள்ளே விட மாட்டார்கள்.

பலர் ஏமாறுவது இங்கேதான்: அமெரிக்க விசா, கனடா விசா, பிரிட்டன் விசா எதுவும் இங்கே வெளியே போக உதவாது. ‘ஏர்போர்ட் ட்ரான்சிட் விசா’ என்ற பெயரில் கிடைப்பதும் விமான நிலையத்துக்குள் விமானம் மாறுவதற்கு மட்டும்தான்.

ஒருமுறை நுழைவு விசா வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கோபன்ஹேகனில் ஊர் பார்த்துவிட்டு லண்டன் போய், அங்கிருந்து பாரிஸ் போகும் திட்டம் என்றால் அந்த ஒரு நுழைவு கோபன்ஹேகனிலேயே தீர்ந்துவிடும். பாரிஸில் நிறுத்திவிடுவார்கள். கோபன்ஹேகனில் இருந்து நேராகப் பாரிஸ் போகிறவருக்கு இந்தச் சிக்கல் இல்லை, இரண்டும் ஒரே நுழைவுதான்.

இலங்கை பாஸ்போர்ட், சிங்கப்பூர் அல்லது மலேசிய பாஸ்போர்ட்?

இலங்கைக் குடிமக்களுக்கு ஷெங்கன் நாடுகளில் விமானம் மாறவே ட்ரான்சிட் விசா வேண்டும். அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளின் விசா கையில் இருந்தால் அந்த ட்ரான்சிட் விசாவில் இருந்து மட்டும் விலக்கு உண்டு. ஊருக்குள் போக அவர்களுக்கும் முழு ஷெங்கன் விசாதான். சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன், கனடா குடிமக்களுக்குச் சிறு பயணத்துக்கு விசா தேவையில்லை. 180 நாட்களில் 90 நாட்கள் வரைதான் தங்கலாம் என்ற கணக்கில் இந்தச் சில மணி நேரமும் ஒரு நாளாகப் பதிவாகும்.

2025 அக்டோபரில் தொடங்கிய புதிய எல்லைப் பதிவு முறையில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிறவர்கள் முதல் முறை கைரேகையும் முகப்படமும் கொடுக்க வேண்டும். முதல் முறை என்றால் வரிசைக்குக் கூடுதலாக அரை மணி ஒதுக்குங்கள். அடுத்த விமானத்தின் போர்டிங் பாஸைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நில்லுங்கள். அதிகாரி கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் அதைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

பெட்டியை என்ன செய்வது?

ஒரே டிக்கெட் என்றால் புறப்பட்ட இடத்திலேயே கடைசி ஊர் வரைக்கும் பெட்டியைப் போட்டுவிடுங்கள். கையில் கொடுக்கும் லக்கேஜ் சீட்டில் கடைசி ஊரின் மூன்றெழுத்துக் குறியீடு இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். கைப்பெட்டியைக் காசு போட்டு வைக்கும் பெட்டகங்கள் விமான நிலையத்திலும் உண்டு, நகர மைய ரயில் நிலையத்திலும் உண்டு. நாம் சொல்லும் பாதை மைய ரயில் நிலையத்தின் வழியாகப் போகாததால் விமான நிலையத்திலேயே வைத்துவிடுவது நல்லது. ‘சின்னச் சக்கரப்பெட்டிதானே, இழுத்துக்கொண்டே போகலாம்’ என்று நினைக்காதீர்கள். பழைய நகரத்தின் தரை முழுக்கக் கருங்கல் பாவியது. 5 கிலோமீட்டரில் சக்கரம் கழன்றுவிடும், தோளும் கழன்றுவிடும்.

நகர மையத்துக்கு எப்படிப் போவது?

மெட்ரோ. வேறு எதையும் யோசிக்க வேண்டாம். காஸ்ட்ரப் விமான நிலையம் நகர மையத்தில் இருந்து சுமார் 8 கிலோமீட்டர்தான். மூன்றாம் முனையத்தின் கோடியிலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது. எம்2 என்ற மஞ்சள் தடத்துக்கு அதுதான் கடைசி நிலையம், அதனால் அங்கே எந்த வண்டியில் ஏறினாலும் ஊருக்குத்தான் போகும். ஓட்டுநர் இல்லாத வண்டி, பகலில் சில நிமிடங்களுக்கு ஒன்று, இரவு முழுக்கவும் ஓடும். கொங்கன்ஸ் நியூடோர்வ் நிலையத்துக்குக் கால் மணி நேரம்.

அதே முனையத்தின் அடியில் இருந்து ரயிலும் போகிறது. மைய ரயில் நிலையத்துக்கு அதுவும் ஏறக்குறைய அதே நேரம்தான். ஆனால் எதிர்த் திசை வண்டியில் ஏறிவிட்டால் அடுத்த நிறுத்தம் கடலுக்கு அப்பால் சுவீடனில். அந்தத் தவறு சில மணி நேரப் பயணிக்கு ஆகாது.

டிக்கெட் எங்கே, எவ்வளவு?

மெட்ரோ நிலையத்தில் இயந்திரம் இருக்கிறது. 3 மண்டலத்துக்கான ஒருவழிச் சீட்டு எடுங்கள். 30 முதல் 40 டேனிஷ் குரோனருக்குள் வரும். தடுப்புக் கதவு எதுவும் கிடையாது, யாரும் மறிக்க மாட்டார்கள், நேராக வண்டியில் ஏறிவிடலாம். அதைப் பார்த்துவிட்டுச் சீட்டு தேவையில்லை என்று எண்ண வேண்டாம். பரிசோதகர்கள் வண்டிக்குள் வருவார்கள். அபராதம் சீட்டு விலையைப் போல இருபது மடங்குக்குக் குறையாது, வெளிநாட்டவர் என்ற சலுகையும் இல்லை. சுற்றுலா அட்டைகள் 3, 4 மணி நேர நடைக்குக் கட்டுப்படியாகாது. போக ஒரு சீட்டு, வர ஒரு சீட்டு, அவ்வளவுதான்.

யூரோ மாற்றிக்கொண்டு போகலாமா?

டென்மார்க்கில் யூரோ இல்லை, டேனிஷ் குரோனர். ஒரு யூரோவுக்கு ஏழரைக்குச் சற்றுக் குறைவு. ஆனால் பணமாக எதையும் மாற்ற வேண்டியதில்லை, தள்ளுவண்டிக்காரர்கூட அட்டை வாங்கிக்கொள்வார். இந்திய வங்கி அட்டை என்றால் புறப்படும் முன் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிடுங்கள், நான்கிலக்க எண்ணையும் நினைவில் வையுங்கள். இயந்திரம் ‘ரூபாயிலா, குரோனரிலா’ என்று கேட்டால் குரோனர் என்பதையே அழுத்துங்கள். ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விகிதத்தில் கூடுதலாகப் பிடிப்பார்கள்.

சரி, எந்த வழியில் நடப்பது?

கொங்கன்ஸ் நியூடோர்வ் நிலையத்தில் இறங்கி, கிறிஸ்தியான்ஸ்ஹவ்ன் நிலையத்தில் ஏறுங்கள். இரண்டும் எம்2 தடத்தில் அடுத்தடுத்த நிலையங்கள். நடுவில் நாம் நடப்பது வளைவாகச் சுமார் 5 கிலோமீட்டர். வந்த வழியே திரும்ப வேண்டாம். முடியும் இடம் தொடங்கிய இடத்தைவிட விமான நிலையத்துக்கு ஒரு நிலையம் கிட்டே இருக்கும். நின்று பார்த்து நடந்தால் 3 மணி நேரம்.

கொங்கன்ஸ் நியூடோர்வ் என்றால் ‘அரசரின் புதுச் சதுக்கம்’. ஐந்தாம் கிறிஸ்தியான் 1670 வாக்கில் அமைத்தது, நடுவில் குதிரைமேல் இருப்பவரும் அவரே. சதுக்கத்தின் ஓரத்தில் பெரிய நங்கூரம் ஒன்று தெரியும், இரண்டாம் உலகப் போரில் இறந்த டேனிஷ் மாலுமிகளின் நினைவுச் சின்னம். அங்கே தொடங்குவதுதான் நியூஹவ்ன் கால்வாய். 1671 முதல் 1673 வரை சுவீடன் போர்க்கைதிகளைக் கொண்டு வெட்டியது. அஞ்சல் அட்டைகளில் வரும் வண்ண வீடுகள் வெயில் படும் வடகரையில், ஒற்றைப்படை எண்களில் இருக்கின்றன. அவற்றுள் பழையது 9ஆம் எண் வீடு, 1681இல் கட்டியது. படம் எடுக்க வேண்டுமானால் எதிரே இரட்டைப்படைக் கரையில் நடங்கள், கூட்டமும் குறைவு. குழந்தைக் கதைகள் எழுதிய ஆண்டர்சன் 18, 20, 67 ஆகிய மூன்று எண்களிலும் வெவ்வேறு காலத்தில் குடியிருந்தார். கரையோர உணவகங்களில் உட்கார வேண்டாம். அங்கே இடத்துக்குத்தான் விலை.

கால்வாய் துறைமுகத்தைத் தொடும் இடத்தில் இடப்பக்கம் திரும்பித் தண்ணீரை ஒட்டி நடந்தால் 10 நிமிடத்தில் அமலியன்போர்க். எண்கோண முற்றத்தைச் சுற்றி ஒரே அச்சில் வார்த்தது போல நான்கு மாளிகைகள். 1794இல் கிறிஸ்தியான்ஸ்போர்க் அரண்மனை எரிந்தபோது அரச குடும்பம் இங்கே குடிவந்தது, இன்றைய அரசர் பத்தாம் ஃபிரெடரிக் வரை இங்கேதான். முற்றத்தின் நடுவில் ஐந்தாம் ஃபிரெடரிக் குதிரைமேல் இருக்கிறார். இந்தச் சிலையின் முன்னால் தமிழர்கள் ஒரு நிமிடம் நிற்கலாம். 1771இல் திறந்த இந்தச் சிலைக்குப் பணம் கொடுத்தது ஆசியாடிக் கம்பெனி என்ற டேனிஷ் வணிகக் கம்பெனி. டேனிஷ் வசம் இருந்த தரங்கம்பாடியை அப்போது நடத்திவந்ததும் அதே கம்பெனிதான். 1777இல்தான் டேனிஷ் அரசு அந்த ஊரைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. சோழமண்டலக் கரையில் இருந்து போன துணியும் மிளகும் விற்ற காசு இந்த வெண்கலத்தில் எத்தனை பங்கு என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது, பங்கு இருக்கிறது என்பது மட்டும் நிச்சயம்.

குதிரையின் நேர்கோட்டில் தெரியும் பச்சைக் குவிமாடம் பளிங்குத் தேவாலயம். குவிமாடத்தின் அகலம் 31 மீட்டர். உள்ளே போக இலவசம். வெள்ளியும் ஞாயிறும் மதியத்துக்கு மேல்தான் திறப்பார்கள். அங்கிருந்து சற்றுத் தெற்கே வந்து திரோன்னிங்கன்ஸ் தெருவில் மேற்காகத் திரும்பினால் நேராக அரசர் தோட்டத்தில் கொண்டுபோய் விடும். தோட்டத்துக்குள் இருக்கும் செங்கல் அரண்மனை ரோசன்போர்க், நான்காம் கிறிஸ்தியான் 1606இல் தொடங்கியது.

இந்த நான்காம் கிறிஸ்தியானை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி நடக்கும் தூரமெல்லாம் இவர் கட்டிய ஊர். தரங்கம்பாடியில் அலைக்கு எதிரே நிற்கும் டான்ஸ்போர்க் கோட்டையும் இவர் காலத்தது. 1616இல் இவர் அனுமதியோடு டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது. 1618இல் ஓவே யெட்டெ தலைமையில் கப்பல்கள் புறப்பட்டன. 1620 நவம்பரில் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் ஆனது. நாயக்கர் தங்கத் தகட்டில் தமிழில் எழுதி இந்த அரசருக்கு அனுப்பிய கடிதத்தை டென்மார்க்கின் தேசிய ஆவணக் காப்பகம் பாதுகாத்து வருகிறது.

தோட்டத்தில் இருந்து வெளியே வந்து லாண்டமார்கெட் தெரு வழியாக 5 நிமிடம் நடந்தால் வட்டக் கோபுரம். 1637 முதல் 1642 வரை கட்டியது, உச்சியில் வானாய்வுக்கூடம். உச்சியை நெருங்கும் வரை படிக்கட்டு கிடையாது. வெள்ளையடித்த சுவர்களுக்கு நடுவே செங்கல் பாவிய சரிவுப் பாதை ஏழரைச் சுற்றுச் சுற்றி 209 மீட்டர் நீளத்துக்கு ஏறுகிறது. உள்விளிம்பில் நடந்தால் தூரம் குறைவு, ஆனால் சரிவு செங்குத்து. வெளிச்சுவரை ஒட்டி நடந்தால் மூச்சு வாங்காது. உருசியாவின் பேரரசர் பீட்டர் 1716இல் குதிரையிலேயே மேலே போனார். உள்ளே போகாவிட்டாலும் தெருவின் எதிர்ப்பக்கம் நின்று கோபுரத்தின் முகப்பை அண்ணாந்து பாருங்கள். பொன்னெழுத்தில் ஒரு படப்புதிர் இருக்கிறது: சில லத்தீன் சொற்கள், ஒரு வாள், கடவுளின் பெயரைச் சொல்லும் நான்கு எபிரேய எழுத்துகள், ஒரு சிவப்பு இதயம், சி என்ற எழுத்தின் வயிற்றுக்குள் 4. சொல்லும் படமும் கலந்து படித்தால், ‘இறைவா, கல்வியையும் நீதியையும் நான்காம் கிறிஸ்தியானின் நெஞ்சுக்குள் செலுத்து’ என்று பொருள் வரும். அந்தச் சி-க்குள் நாலு என்ற முத்திரையை ஒருமுறை கண்டுகொண்டால் ஊர் முழுக்கக் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

கோபுரத்தின் வாசலில் இருந்து கோப்மாயர் தெருவில் இறங்கினால் ஸ்த்ரோயெட் வந்து குறுக்கிடும். 1962இல் வண்டிகளைத் தடுத்து நடப்பவர்களுக்கு விட்ட கடைவீதி, சுமார் 1.1 கிலோமீட்டர். உலகின் எந்த ஊரிலும் இருக்கும் அதே கடைகள். அதைக் குறுக்கே கடந்து போய்விடுங்கள். எதிரே தண்ணீருக்கு அப்பால் கிறிஸ்தியான்ஸ்போர்க். நாடாளுமன்றம், பிரதமர் அலுவலகம், உச்ச நீதிமன்றம் மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. 106 மீட்டர் கோபுரத்துக்கு மின்தூக்கியில் இலவசமாக ஏறலாம், பை சோதனை உண்டு.

அதை ஒட்டி நீளமாகத் தாழ்ந்திருக்கும் கட்டடம் போர்சன், பழைய பங்குச் சந்தை. இதுவும் நான்காம் கிறிஸ்தியான் கட்டியதுதான். நான்கு டிராகன்களின் வால்கள் முறுக்கிக்கொண்டு மேலே போகும் 56 மீட்டர் கூம்பு அதன் அடையாளம். 2024 ஏப்ரல் 16 அன்று தீப்பிடித்து அந்தக் கூம்பு தெருவில் விழுந்தது. மறுகட்டுமானம் நடந்து வருகிறது. சாரத்துக்குள் எது தெரிந்தாலும் நின்று பார்க்கத் தகுந்தது.

போர்சனைத் தாண்டி க்னிப்பல்ஸ் பாலத்தில் ஏறி இறங்குங்கள். இடப்பக்கம் முதல் தெரு ஸ்த்ராண்ட்கேட். அதில் 25ஆம் எண் ஆசியாடிக் கம்பெனியின் 1738ஆம் ஆண்டுத் தலைமையகம். பக்கத்தில் தண்ணீரைப் பார்த்த வெளிதான் ஆசியாடிஸ்க் பிளாஸ், ஆசியச் சதுக்கம். ஓரத்தில் 1750இல் கட்டிய கிட்டங்கி நிற்கிறது. இப்போது வெளியுறவு அமைச்சகம் இங்கே இருக்கிறது, ஆனால் தண்ணீர்க்கரை வரைக்கும் போகத் தடையில்லை. பயணிகள் கூட்டம் அண்டாத இடம். பத்து நிமிடம் ஒதுக்கி உட்காருங்கள். கம்பெனியின் சரக்குகள் ஏறி இறங்கிய கரை இது.

அங்கிருந்து கால்வாயைக் கடந்தால் மீட்பர் தேவாலயம், வெளிப்புறமாகப் படி சுற்றிப்போகும் கூம்பு. மொத்தம் 400 படிகள், கடைசி 150 வெட்டவெளியில். மேலே போகப் போகப் படி குறுகிக் கடைசியில் ஒரு பாதம் வைக்கவும் இடமிருக்காது. பலத்த காற்றிலும் மழையிலும் மூடிவிடுவார்கள், கடுங்குளிர் மாதங்களிலும் திறப்பதில்லை. அங்கிருந்து 5 நிமிடத்தில் கிறிஸ்தியான்ஸ்ஹவ்ன் மெட்ரோ.

கடற்கன்னியை விட்டுவிட்டீர்களே?

தெரிந்துதான் விட்டோம். 1913இல் வைத்த அந்தச் சிலையின் உயரம் 1.25 மீட்டர். அமலியன்போர்க்கில் இருந்து போய்வர 40 நிமிட நடை, கூட்டத்துக்குள் முண்டிப் படம் எடுக்க இன்னும் 10 நிமிடம். மூன்று மணி நேரத்தில் அது மிகப் பெரிய பங்கு. ஊருக்கென்றே 5 மணி நேரம் இருக்கிறவர்கள் போகலாம், வழியில் இருக்கும் காஸ்டெல்லட் என்ற நட்சத்திர வடிவக் கோட்டையின் மண்மேட்டில் நடப்பது அந்தத் தூரத்துக்கு ஈடு. அங்கிருந்து நேராக விமான நிலையம் போக வேண்டியிருந்தால் ஆஸ்டர்போர்ட் நிலையம் பக்கம்.

12 மணிக்குக் காவலர் மாறுவதைப் பார்க்க முடியுமா?

அமலியன்போர்க் முற்றத்தில் தினமும் நண்பகல் 12 மணிக்கு. ரோசன்போர்க் பக்கத்துப் படைக்கூடத்தில் இருந்து சுமார் 11.30க்குப் புறப்பட்டுத் தெருக்கள் வழியே அணிவகுத்து வருவார்கள். அரசர் ஊரில் இருந்தால் மாளிகைமேல் கொடி பறக்கும், வாத்தியக் குழுவும் கூட வரும். முற்றத்தில் 11.45க்கே முன்வரிசை நிறைந்துவிடும். மாளிகைப் படிகளில் உட்கார்ந்தால் காவலர் சத்தம் போட்டு எழுப்புவார். சடங்குக்காக ஒரு மணி நேரம் காத்திருப்பது குறைந்த நேரம் உள்ளவருக்கு நட்டம்.

ஒரே ஓர் இடத்துக்குத்தான் உள்ளே போக முடியும் என்றால்?

வட்டக் கோபுரம். கட்டணம் குறைவு, தினமும் திறந்திருக்கும், 40 நிமிடத்தில் முடியும், மழையிலும் ஏறலாம். கிறிஸ்தியான்ஸ்போர்க் கோபுரம் இலவசம் என்றாலும் வரிசை நீண்டால் ஒரு மணி நேரம் போகும், திங்கட்கிழமை பெரும்பாலும் மூடியிருக்கும். ரோசன்போர்க்கின் அரச நகைகளை ஒன்றரை மணி நேரம் இல்லாமல் பார்க்க நினைக்காதீர்கள்.

மிகப் பழைய ஊர் என்கிறார்கள், இடைக்காலக் கட்டடங்களையே காணோமே?

எரிந்துவிட்டன. 1728இலும் 1795இலும் நகரத்தின் பெரும்பகுதி தீக்கிரையானது. 1807 செப்டம்பரில் பிரிட்டிஷ் கடற்படையும் தரைப்படையும் ஊரைக் குண்டுவீசித் தகர்த்தன. (அந்தப் பகையில்தான் 1808இல் தரங்கம்பாடியையும் பிரிட்டிஷார் பிடித்தார்கள். 1815இல் திருப்பிக் கொடுத்து, 1845இல் விலைக்கே வாங்கிக்கொண்டார்கள்.) இந்தச் சேதத்தின் தடத்தை நடக்கும்போதே பார்க்கலாம். பழைய நகரத் தெருமுனைகளில் வீடுகளின் மூலை செங்கோணமாக இல்லாமல் சீவிவிட்டது போல இருக்கும். 1795 தீக்குப் பிறகு வந்த விதி அது. நீண்ட ஏணிகளோடு வரும் தீயணைப்பு வண்டிகள் முனையில் முட்டாமல் திரும்ப வேண்டும் என்பதற்காக மூலைகளை வெட்டிக் கட்டச் சொன்னார்கள்.

நடக்கும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

கார்களைவிட மிதிவண்டிகளில். நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவே ஒரு படி உயரத்தில் மிதிவண்டித் தடம் தனியாக ஓடுகிறது. நடைபாதையின் நீட்சி போலத் தெரிவதால் வெளியூர்க்காரர்கள் படம் எடுக்கப் பின்னால் நகர்ந்து அதில் கால் வைத்துவிடுகிறார்கள். அலுவலக நேரத்தில் அது வேகமாகப் பாயும் ஆறு. மிதிவண்டிக்காரர் கையை உயர்த்தினால் நிற்கப் போகிறார் என்று அர்த்தம். சிவப்பு விளக்கில் தெரு காலியாக இருந்தாலும் ஊர்க்காரர்கள் கடப்பதில்லை, நீங்களும் நில்லுங்கள்.

சைவம் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் கேட்டு வாங்க வேண்டும். நார்ரபோர்ட் நிலையத்துக்குப் பக்கத்தில், ரோசன்போர்க்கில் இருந்து 7 நிமிட நடையில், டோர்வஹாலர்ன் என்ற கண்ணாடிக் கூரைச் சந்தை இருக்கிறது. அறுபதுக்கு மேற்பட்ட கடைகள், வயிறு நிரம்பச் சாப்பிட அதுவே சிறந்த இடம். உள்ளூர் உணவு ஸ்மோர்ப்ரோ, ரை என்ற தானிய மாவில் செய்த கறுப்பு ரொட்டித் துண்டின்மேல் எதையாவது அடுக்கித் தருவது. உருளைக்கிழங்கு அடுக்கிய வகையைக் கேளுங்கள், மேலே பன்றிக்கொழுப்புத் துணுக்கு தூவ வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். ‘ஸ்வீன்’, ‘ஃப்லெஸ்க்’ என்றால் பன்றி, ‘ஓக்ஸ’ மாடு, ‘கூலிங்’ கோழி, ‘ஃபிஸ்க்’ மீன். தெருவோர ஹாட்டாக் வண்டிகளில் சாதாரணமாகத் தருவது பன்றிதான்.

அவசரக்காரர்களுக்குப் பேக்கரி. ஏலக்காய் அல்லது இலவங்கப்பட்டைச் சுருள் ரொட்டியும் காபியும் எங்கும் கிடைக்கும். ஏலக்காய் வாசனை நமக்கு உடனே பழகிவிடும்.

தண்ணீர், கழிப்பறை?

குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர், காலி பாட்டிலைச் சோதனைக்குப் பின் நிரப்பிக்கொண்டு போங்கள். கடையில் பாட்டில் வாங்கினால் விலையோடு ஒரு முன்பணமும் சேரும், காலி பாட்டிலைப் பெரிய கடையின் இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். நகர மையத்தில் இலவசப் பொதுக் கழிப்பறைகள் உண்டு. ஸ்த்ரோயெட்டின் நடுவே அமாயர் சதுக்கத்தில் தரைக்கு அடியில் இருப்பது வழியிலேயே வரும்.

எந்த மாதத்தில் எப்படி உடுத்துவது?

வெப்பமானியைவிடக் காற்றைக் கவனியுங்கள். துறைமுகக் காற்று ஜூலையிலும் குளிரும், குடையைப் பிடுங்கிவிடும். தலையை மூடும் மழைச்சட்டைதான் சரி. டிசம்பரில் காலை எட்டரைக்கு விடிந்து மாலை மூன்றரைக்கெல்லாம் இருட்டிவிடும், அப்போது மதியத்துக்கு மேல் இறங்குகிறவர்கள் விளக்கொளியில்தான் ஊரைப் பார்ப்பார்கள். ஜூனில் இரவு 10 மணிக்கும் வெளிச்சம். கோட்டுகளைச் செக்-இன் பெட்டியில் போட்டுவிட்டு நடுங்குவது அடிக்கடி நடக்கும் தவறு, ஒன்றைக் கையில் வையுங்கள். காலணி தட்டையான, பிடிப்புள்ள அடியோடு இருக்கட்டும். நனைந்த பாவுகல் வழுக்கும்.

வயதானவர்களோடும் கைக்குழந்தையோடும் போகலாமா?

ஊர் மேடு பள்ளம் இல்லாதது. எல்லா மெட்ரோ நிலையங்களிலும் மின்தூக்கி உண்டு. வட்டக் கோபுரத்தில் சரிவுப் பாதை என்பதால் முழங்கால் வலி உள்ளவர்களும் மெதுவாக ஏறலாம், உச்சித் தளத்துக்கு மட்டும் கடைசியில் குறுகிய படிகள். மீட்பர் தேவாலயக் கூம்பில் அம்மா அப்பாவை ஏற்ற வேண்டாம். நடை கூடாதவர்கள் நியூஹவ்ன், அமலியன்போர்க் இரண்டோடு நிறுத்தி, பளிங்குத் தேவாலயத்தின் பக்கத்து மெட்ரோவில் எம்3 தடத்தில் ஏறிக் கொங்கன்ஸ் நியூடோர்வில் எம்2க்கு மாறிக்கொள்ளலாம்.

இரவு இடைவெளி என்றால்?

மெட்ரோ இரவு முழுக்க ஓடுவதால் போகலாம். ஜூனில் விடியற்காலை நாலரைக்குச் சூரியன் வந்துவிடும், ஆளில்லாத நியூஹவ்னை அப்போது மட்டும்தான் பார்க்க முடியும். குளிர்காலத்தில் இருட்டும் பூட்டிய கதவுகளும்தான். விமான நிலையத்திலேயே உறங்குங்கள்.

திரும்பும்போது எங்கே தவறு நடக்கிறது?

பெரும்பாலும் மெட்ரோ நடைமேடையில். எம்1 பச்சைத் தடமும் எம்2 மஞ்சள் தடமும் ஒரே நடைமேடைக்கு வருகின்றன, கிறிஸ்தியான்ஸ்ஹவ்னைத் தாண்டியதும் பிரிந்துவிடுகின்றன. வந்து நின்ற முதல் வண்டியில் ஏறினால் அது எம்1ஆக இருந்து வெஸ்டமாயர் என்ற வேறு மூலைக்குப் போய்விடும். பலகையில் ‘லுஃப்தஹவ்னன்’ என்ற பெயரைப் பாருங்கள், டேனிஷில் விமான நிலையம். தவறி எம்1இல் போய்விட்டால் அடுத்த நிலையத்தில் இறங்கி, எதிர் வண்டியில் கிறிஸ்தியான்ஸ்ஹவ்னுக்குத் திரும்பி மாறுங்கள், கால் மணி நேரம்தான் நட்டம். பதற்றத்தில் டாக்சி தேடுவதைவிட அது வேகம்.

அடுத்தது, பாதுகாப்புச் சோதனையைத் தாண்டியதுமே எல்லாம் முடிந்தது என்று கடைகளில் நின்றுவிடுவது. டொராண்டோ, பாங்காக், லண்டன், தோகா போகிறவர்களுக்கு அதற்குப் பிறகுதான் பாஸ்போர்ட் வரிசை. முதலில் அதைத் தாண்டுங்கள், காபி அப்புறம். ஊரில் வாங்கிய ஜாம் புட்டி, தண்ணீர், குழைவான சீஸ் எதுவும் கைப்பையில் சோதனையைத் தாண்டாது.

கிறிஸ்தியான்ஸ்ஹவ்ன் நடைமேடையில் நிற்கும்போது உங்கள் விமானம் புறப்பட இரண்டரை மணி நேரம் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்துவிட்டது என்று தேவாலயக் கூம்பின் அடியில் நிற்கும்போது தெரிந்தால், ஏறாதீர்கள்.